இந்த மண்ணிலும் ஒரு கன்று

எங்கள் சபையில் ஒரு குடும்பம் வீடு வாங்கினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் சனிக்கிழமை போதகர் வந்து ஜெபித்து வீட்டை ஒப்புக்கொடுப்பார். வடையும் பற்றிசும் தேநீரும் பரிமாறப்படும். சாப்பிட்டு முடிந்ததும் மாமாமார் பின்பக்கக் கதவால் இறங்கி வளவைச் சுற்றிப் பார்ப்பார்கள். அங்கே ஒரு மரம் நின்றால், "இதைத் தறிச்சுப்போட்டு சீமெந்து போட்டால் சோலி இல்லை, இலை கூட்டத் தேவையில்லை" என்று ஒருவராவது சொல்லுவார். மரம் இல்லாவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மரம் இல்லாத வளவு ஒரு குறை என்று நாம் நினைப்பதே இல்லை.

அக்காவும் தம்பியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஸ்காபரோவில் எங்கள் பெற்றோர் வாங்கிய வீட்டில் ஐந்து வருடங்களுக்கு முன் மரமும் செடியும் நட்டோம். எதை, எங்கே, எப்படி நடுவது என்று கற்றுக்கொண்டதை வாலிபர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நம் பெற்றோரில் பலருக்கு இந்த நாட்டின் மரங்கள் பழக்கமில்லை. நமக்கோ மரம் நடுவதே பழக்கமில்லை. இரண்டு தலைமுறையும் சேர்ந்தால்தான் இந்தக் காரியம் ஆகும் என்பது எங்கள் அனுபவம்.

வெறும் வளவு

எங்கள் வீடு 1960களில் கட்டப்பட்ட சிறிய பங்களோ. முன்பக்கம் மேற்கைப் பார்த்தது. கோடையில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு முன்னறையில் இருக்க முடியாது, அவ்வளவு வெக்கை. முன் முற்றத்தில் புல்லுக்கு நடுவே வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. அங்கே ஒரு பெரிய ஆஷ் மரம் நின்றதாகவும் நோய் பிடித்ததால் மாநகரசபை தறித்துவிட்டதாகவும் பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா சொன்னார்.

அந்த நோயின் கதையை நாம் எல்லோரும் அறிய வேண்டும். ஆசியாவிலிருந்து வந்த பச்சை நிற வண்டு ஒன்று இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றரைவிடக் கொஞ்சம்தான் நீளம். 2002இல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் எல்லைக்கு இப்பால் வின்சரிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். 2007இல் றொறன்ரோவிலும் கண்டார்கள். அதன் புழுக்கள் மரப்பட்டையின் உட்புறத்தைச் சுரண்டித் தின்பதால் மரத்துக்குள் நீரும் உணவும் ஓடுவது தடைப்படுகிறது. சில வருடங்களில் மரம் பட்டுப்போகிறது. தெரு முழுவதும் ஒரே வகை மரம் நின்ற இடங்களில் தெரு முழுவதும் மொட்டையானது. அதற்கு ஒரு தலைமுறை முன்பு எல்ம் மரங்களும் வேறொரு நோயால் இப்படித்தான் அழிந்தன. ஒரே மரத்தையே நம்பி நட வேண்டாம், பல வகையாக நடுங்கள் என்று அறிந்தவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

மரம் நடுவோம் என்று நாங்கள் சொன்னதும் அம்மா சந்தோஷப்பட்டா. அப்பா சம்மதிக்கவில்லை. தடுக்கவுமில்லை, "உங்கடை விருப்பம்" என்றார். அந்தச் சொல்லுக்கு நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இலை கூட்டும் வேலையை நினைத்துச் சொல்கிறார் என்றுதான் முதலில் எண்ணினோம். பிறகொருநாள் அம்மா கேட்டபோது ஒரே வசனத்தில் முடித்தார்: "நட்டதெல்லாத்தையும் விட்டிட்டு வந்தனாங்கள். இனி என்னத்துக்கு?"

அப்பா வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அவருக்கு எங்கள் வயது. அதற்குமேல் அவர் அந்த வளவைப் பற்றி எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அந்த வசனத்துக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அந்த மாதம் வாலிபர் ஐக்கியத்தில் எரேமியா 29ஆம் அதிகாரத்தைத் தியானித்துக்கொண்டிருந்தோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. 11ஆம் வசனம் நமக்கு மனப்பாடம், அது சுவரில் தொங்குகிறது, வாழ்த்து மடலில் வருகிறது. அதே கடிதம் தொடங்கும் இடத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற கருத்தில்தான் கடிதம் தொடங்குகிறது. நாளைக்கே ஊருக்குத் திரும்பலாம் என்று நம்பிக்கொண்டிருந்த மக்களுக்கு அது கசப்பான கட்டளையாக இருந்திருக்கும். திரும்ப எழுபது வருடம் ஆகும் என்றும் அந்தக் கடிதமே சொல்கிறது. தோட்டம் நாட்டுவது என்றால் ஊரை மறந்துவிடுவது என்று அர்த்தமில்லை. எருசலேமை மறக்கும்படி தேவன் சொல்லவில்லை. இருக்கும் இடத்தில் உயிரோடு இருங்கள் என்றுதான் சொன்னார்.

இதை அப்பாவுக்கு நாங்கள் பிரசங்கமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் பெற்றோருக்குப் பிரசங்கம் செய்தால் என்ன நடக்கும் என்று தெரியும். வேலையைத் தொடங்கினோம்.

முதலில் இடம், பிறகு மரம்

கடைக்குப் போய், பூத்திருக்கும் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு வந்து, பிறகு வளவில் இடம் தேடுவது பலர் செய்யும் முறை. நாங்கள் ஒரு வருடம் வளவைப் பார்த்தோம். எங்கே காலை வெயில், எங்கே பின்னேர வெயில், எங்கே மழைத்தண்ணீர் நிற்கிறது, மாரியில் எந்தப் பக்கத்தால் காற்று அடிக்கிறது, எங்கே பனியைத் தள்ளிக் குவிக்கிறோம் என்றெல்லாம் ஒரு கொப்பியில் படம் கீறிக் குறித்தோம்.

அதிலிருந்து சில காரியங்கள் தெளிவாகின. இலை உதிர்க்கும் பெரிய மரம் மேற்கிலோ தெற்கிலோ நிற்க வேண்டும். கோடையில் நிழல் தரும், மாரியில் இலை இல்லாததால் வெயிலை உள்ளே விடும். எப்போதும் பச்சையாக நிற்பவை வடக்குப் பக்கத்துக்கு நல்லது, குளிர்காற்றை மறிக்கும். தெருவோரம் உப்புத் தூவும் இடத்தில் உப்பைத் தாங்கும் மரம்தான் பிழைக்கும். மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரம் கூடாது. பெரிய மரத்துக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் இடையில் ஐந்து மீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிறிய மரங்களுக்கு இரண்டு மூன்று மீற்றர் போதும். கன்றாக இருக்கும்போது அந்த இடைவெளி வீணாகத் தெரியும். அது இருபது வருடத்துக்குப் பிறகு எவ்வளவு அகலம் இருக்கும் என்று பார்த்துத்தான் கிடங்கு வெட்ட வேண்டும்.

மண்ணையும் பார்த்தோம். ஸ்காபரோவில் பல இடங்களில் களிமண். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி விட்டோம். அடுத்த நாள் காலையில் தண்ணீர் இறங்கியிருந்தால் அநேக மரங்கள் வரும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்து மூலையில் மட்டும் அது இறங்கவில்லை.

கடைசியாக, குளிர். கனடாவில் எந்தச் செடி எங்கே மாரியைத் தாங்கும் என்பதை வலயங்களாகப் பிரித்து இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். இலக்கம் குறையக் குறையக் குளிர் கூட. நாங்கள் 6 அல்லது அதற்குக் குறைந்த இலக்கம் எழுதிய கன்றுகளை மட்டும் பார்த்தோம். முருங்கையும் மாவும் இதில் எங்கும் வராது. கறிவேப்பிலை சட்டியில்தான். உறைபனி வருவதற்குமுன் அதை வீட்டுக்குள் தூக்கி, மாரி முழுவதும் யன்னலோரம் வைத்துப் பிள்ளையைப்போலப் பார்க்க வேண்டும். அது வேறு ஊழியம்.

நாங்கள் தெரிந்துகொண்டவை

முன் முற்றத்தில் தெருவை ஒட்டிய பகுதி பெரும்பாலும் மாநகரசபைக்குச் சொந்தமான நிலம். அங்கே இடம் இருந்தால், றொறன்ரோ மாநகரசபை இலவசமாக மரம் நட்டுத் தருகிறது. 311க்கு அழைத்துக் கேட்கலாம். இது தெரியாத தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நாங்கள் கேட்டோம், அடுத்த வருடம் வந்து நட்டார்கள். நாங்கள் விரும்பிக் கேட்டது கென்ரக்கி கோப்பி மரம். உப்பு, வறட்சி, நகரத்து மண் எல்லாவற்றையும் தாங்கும். ஒன்ராறியோவின் தென்மேற்கே இயற்கையாக இருந்தாலும் காட்டில் இப்போது அரிதாகிவிட்டது. நம் புளியமரமும் இதுவும் ஒரே அவரைக் குடும்பம். பெண் மரத்தில் தடித்த, கபில நிறமான, பசைபோன்ற சதையுள்ள நெற்றுகள் வரும். பார்த்தால் புளியம்பழத்தின் முரட்டு அண்ணன்போல இருக்கும். ஆனால் சாப்பிடக் கூடாது, பச்சை விதையும் சதையும் நஞ்சு. முற்காலத்துக் குடியேறிகள் அந்த விதையை வறுத்துக் கோப்பிக்குப் பதிலாகக் குடித்ததால் அந்தப் பெயர் வந்தது.

குசினி யன்னலுக்கு நேரே சேர்விஸ்பெரி. சிறிய வளவுக்கு ஒரே ஒரு மரம் என்றால் இதைத்தான் சொல்லுவோம். ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில் வெள்ளைப் பூ, ஜூன் கடைசியில் நாவல்பழ நிறத்தில் சிறு பழம், ஒக்டோபரில் நெருப்பு நிற இலை. இந்த நாட்டின் ஆதிக்குடிகள் நெடுங்காலமாகச் சாப்பிட்ட பழம். மேற்குச் சமவெளிகளில் அதைக் காயவைத்து, இறைச்சியோடும் கொழுப்போடும் சேர்த்து மாரிக்குச் சேமித்தார்கள். பழம் கனிந்ததும் குருவிகளுக்கும் நமக்கும் போட்டி தொடங்கும்.

அம்மா கேட்டது ரெட்பட். ஏன் தெரியுமா? அதன் பூ கிளை நுனியில் மட்டுமல்ல, அடிமரத்திலும் தண்டிலும் நேராகப் பூக்கும். "பலா காய்க்கிற மாதிரி" என்று அம்மா சொன்னா. இலை வருமுன் மரம் முழுவதும் இளஞ்சிவப்பாக நிற்கும். மத்தியதரைக் கடற்பக்கத்தில் வளரும் இதன் உறவு மரத்தில்தான் யூதாஸ் நான்றுகொண்டான் என்று ஒரு பழங்கதை உண்டு. வேதாகமம் மரத்தின் பெயரைச் சொல்லவில்லை. ரெட்பட்டுக்கு றொறன்ரோ வடக்கு எல்லைபோல. ஆகவே தெற்கிலிருந்து கொண்டுவந்ததை வாங்காமல், இங்கேயே வளர்த்த கன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

வடக்கு வேலியோரம் வெள்ளைச் சீடர் வரிசை. இது லீபனோனின் கேதுரு அல்ல, குடும்பமே வேறு. ஆனாலும் இதற்கு லத்தீனில் ஜீவவிருட்சம் என்று பொருள்படும் பெயர் உண்டு. 1535–36 மாரியில் கியூபெக்கில் சிக்கிய ஜக் கார்த்தியேயின் ஆட்கள், வைற்றமின் இன்றி முரசு அழுகிச் செத்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த ஆதிக்குடிகள் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த மரம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். வந்தேறிகளின் உயிரை இந்த மண்ணின் மக்களும் மரமும் காத்த கதை அது. நாமும் வந்தேறிகள்தான்.

தண்ணீர் நிற்கும் மூலையில் சிவப்புத் தண்டு டொக்வுட். ஈரத்தில் நன்றாக வளரும் செடி. கோடையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஜனவரியில் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது அதன் தண்டுகள் இரத்தச் சிவப்பாக நிற்பதைப் பார்க்க வேண்டும்.

பழமரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பிளுக்கு மகரந்தம் கொடுக்க அருகில் வேறு இன அப்பிள் ஒன்றாவது வேண்டும். புளிச் செரி தனியாக நின்றே காய்க்கும். தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கறுப்பு வால்நட் மரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டாம். அதன் வேரிலிருந்து வரும் பொருள் தக்காளியைப் படவைக்கும்.

தவிர்க்க வேண்டிய ஒன்று நோர்வே மேப்பிள். மேப்பிள் என்ற பெயரைக் கேட்டுக் கனடாவின் மரம் என்று வாங்கிவிடுவார்கள். அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதன் விதை பறந்து போய் நம் பள்ளத்தாக்குக் காடுகளில் முளைத்து, அடர்ந்த நிழலால் மற்றக் கன்றுகளை வளரவிடாமல் செய்கிறது. ரூஜ் பூங்காவுக்குப் பக்கத்தில் வசிக்கும் நமக்கு இதில் பொறுப்பு உண்டு. இலைக் காம்பை முறித்தால் பால் வந்தால் நோர்வே மேப்பிள் என்று அறியலாம்.

நட்ட நாள்

ஒன்ராறியோவில் மண்ணைத் தோண்டுமுன் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரும்படி கேட்பது சட்டப்படி கட்டாயம். வீட்டுக்காரருக்கு இலவசம். சில நாட்களில் வந்து புல்லில் நிறம் பூசிக் கொடி நட்டார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், செம்மஞ்சள் தொலைபேசி. ரெட்பட்டுக்கு நாங்கள் குறித்த இடத்துக்கு நேர் கீழே மஞ்சள் கோடு போனது. இரண்டு மீற்றர் தள்ளினோம்.

செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். மண்வெட்டி இரண்டு, சவள் மூன்று, சபையிலிருந்து இரவல் வாங்கிய ஒரு அலவாங்கு. களிமண் காய்ந்து கல்லாக இருந்தது. அப்பா உள்ளே யன்னலோரம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. "மண்வெட்டி பிடிக்கவும் தெரியாதோ? விலத்துங்கோ" என்று சொல்லிக்கொண்டு, வேலைக்குப் போடும் சப்பாத்தோடு இறங்கினார். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு மணித்தியாலத்தில் வெட்டியதை அவர் இருபது நிமிடத்தில் வெட்டினார்.

ஆனால் ஊர் முறைக்கும் இந்த ஊர் முறைக்கும் இடையில் ஒரு வாதம் நடந்தது. அப்பா ஆழமாக வெட்டி, அடியில் பசளையும் குழையும் போட வேண்டும் என்றார். நாங்கள் படித்த முறை வேறு. கிடங்கு அகலமாக இருக்க வேண்டும், வேர்ப்பந்தைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழம் வேர்ப்பந்தின் உயரம் மட்டும்தான். தண்டிலிருந்து வேர் விரியத் தொடங்கும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது புதைந்தால் பட்டை மெல்ல மெல்ல அழுகும். களிமண்ணில் ஒரு கிடங்கை மட்டும் நல்ல மண்ணால் நிரப்பினால், அது தண்ணீர் தேங்கும் சட்டிபோல ஆகிவிடும், வேரும் அதைவிட்டு வெளியே போகாது. ஆகவே தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, பசளையை மேலே தூவ வேண்டும். அப்பா நின்று யோசித்தார். "எங்கடை செம்பாட்டு மண்ணிலை தண்ணி நிக்காது. இது நிக்கும். அப்ப சரி" என்றார். மண்ணின் மொழி அவருக்கு மறந்துபோகவில்லை, வேறு மண் என்பதுதான்.

சட்டியில் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை விரல்களால் பிரித்துவிட்டோம், பிரியாததை வெட்டினோம். சாக்குக் கட்டி வந்த கன்றின் கயிற்றையும் மேற்சாக்கையும் அவிழ்த்தோம். மண் போட்டுத் தண்ணீர் விட்டோம். மல்ச் என்று விற்கும் மரச்சீவலை நான்கு விரல் தடிப்பில் வட்டமாகப் பரப்பினோம். தண்டில் முட்டாமல் ஒரு கை இடைவெளி விட்டோம். பல வீடுகளில் அதைத் தண்டோடு சேர்த்து எரிமலைபோலக் குவிக்கிறார்கள். அது மரத்தின் கழுத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டி விடுவதுபோல.

அன்று பின்னேரம் எல்லோரும் போனபின் அப்பா படிக்கட்டில் இருந்து அந்தக் கதையைச் சொன்னார். உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த அவர்களுடைய காணி பல வருடங்களுக்குப் பிறகு விடுவிக்கப்பட்டதும், அவர் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். வீடு இல்லை. மதில் இல்லை. எந்த ஒழுங்கை எது என்றும் தெரியவில்லை, எல்லாம் பற்றை. கிணற்றுக்கட்டையும் அதற்குப் பக்கத்தில் நின்ற புளியமரத்தையும் வைத்துத்தான் இது எங்கள் வளவு என்று அடையாளம் கண்டாராம். அந்தப் புளி அவருடைய அப்பு நட்டது. "வீடு கட்டினவை ஒருத்தருடைய அடையாளமும் இல்லை. மரம் வைச்சவற்றை அடையாளம் மட்டும் நிண்டுது" என்றார்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. விட்டுவிட்டு வந்த மரம் வீணாய்ப் போனது என்றுதான் அவர் இத்தனை வருடமும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அது வீணாய்ப் போகவில்லை என்பதையும் அவரே கண்டிருந்தார். இரண்டும் அவருக்குள் ஒன்றாக இருந்தன.

மூன்று வருடப் பொறுமை

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. கானானில் பழமரம் நட்டால் முதல் மூன்று வருடம் கனியைச் சாப்பிடக் கூடாது. நான்காம் வருடக் கனி கர்த்தருக்குத் துதியாக இருக்கும். ஐந்தாம் வருடம் சாப்பிடலாம். சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் இதைக் கேட்டபோது விசித்திரமாக இருந்தது. மரம் வளர்த்தபின் அப்படித் தோன்றவில்லை. இடம் மாறி நட்ட மரம் முதலில் வேரைத்தான் கவனிக்கும். தண்டின் தடிப்பில் ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் ஒரு வருடம் என்று இங்கே மரம் வளர்ப்போர் ஒரு கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு காலம் அது மேலே பெரிதாக ஒன்றும் காட்டாது.

அந்தக் காலத்தில் நம் வேலை தண்ணீர். மழை இல்லாத கிழமைகளில் ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு மூன்று வாளி, மெதுவாக, வேருக்கு இறங்கும்படி. நாள்தோறும் கொஞ்சம் தெளிப்பதைவிட ஆறுதலாக ஒருமுறை நிறைய விடுவது நல்லது. சீடருக்கு நிலம் உறையும்வரை ஒக்டோபர், நவம்பரிலும் விட வேண்டும். முதல் வருடம் செயற்கை உரம் வேண்டாம். தாங்குகம்பு கட்டினால் ஒரு வருடத்தில் அவிழ்த்துவிட வேண்டும், காற்றில் ஆடினால்தான் தண்டு பலக்கும். ஜூலை விடுமுறையில் எல்லோரும் முகாமுக்குப் போகும் கிழமையில் யார் தண்ணீர் விடுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் அது இத்தாலியத் தாத்தா.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய வளவில் ஒரு அத்திமரம் இருக்கிறது. தன் ஊரிலிருந்து வந்த தடியிலிருந்து வளர்த்தது. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைச் சரித்து, பள்ளத்தில் படுக்கவைத்து, பலகையும் மண்ணும் போட்டு மூடுகிறார். வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துகிறார். அடக்கமும் உயிர்த்தெழுதலும் ஒவ்வொரு வருடமும் அந்த வளவில் நடக்கிறது. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு வருடமாகச் சரித்து மூடுவதற்கு அப்பா போய் உதவி செய்கிறார். பதிலுக்கு ஒரு தடி வெட்டித் தந்தார். அது இப்போது எங்கள் பின்வாசலில் பெரிய சட்டியில் நிற்கிறது.

கோப்பி மரத்துக்கு ஒரு பழக்கம், வசந்தத்தில் மிகப் பிந்தித்தான் தளிர்விடும். நட்ட இரண்டாம் வருடம் மே மாத நடுவில் தெருவில் எல்லா மரமும் பச்சையாக இருக்க, எங்களுடையது வெறும் தடியாக நின்றது. தெருவால் போகிறவர்கள் அனுதாபத்தோடு பார்த்தார்கள். ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குமாக நாங்கள் வெளிக்கிடும்போது, அப்பா மரத்தடியில் குனிந்து, சிறு கிளையின் தோலை நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "பச்சையாத்தான் கிடக்கு. பொறுங்கோ" என்றார். மாதக் கடைசியில் தளிர் வந்தது.

நான்காம் வருடம் சேர்விஸ்பெரியில் குருவிகள் விட்டுவைத்தது மூன்று கோப்பை பழம். அம்மா அதை ஜாம் காய்ச்சி, இரண்டு சிறு போத்தல்களை அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்தா. முதல் போத்தல் நாற்பது டொலருக்குப் போனது. வாங்கியவர் அப்பா.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

வாலிபர்களே, நம்மில் பலர் இன்னும் வீடு வாங்கவில்லை, வாங்குவோமோ என்றும் தெரியாது. ஆனால் நம் பெற்றோரின் வளவு இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவர்களோடு ஒருமுறை சுற்றி வாருங்கள். ஊரில் அவர்கள் வளவில் என்ன நின்றது என்று கேளுங்கள். நாங்கள் பிந்திக் கேட்ட கேள்வி அது, நீங்கள் முந்திக் கேளுங்கள். முன்முற்றத்துக்கு மாநகரசபை மரத்துக்கு எழுதிப் போடுங்கள். பின்வளவுக்கு லீஃப் என்ற அமைப்பு குறைந்த செலவில் ஆலோசனையும் மரமும் தருகிறது. நிற்கும் மரத்தைத் தறிக்க யாராவது சொன்னால், றொறன்ரோவில் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை, அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், அனுமதியின்றித் தறிக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் எங்களோடு சேருங்கள். நம் ஆலயத்தின் பின்புறத்தில், வாகனத் தரிப்பிடத்துக்கும் வேலிக்கும் இடையில் ஒரு நீளமான புல்தரை சும்மா கிடக்கிறது. ஒரு ஓக் மரம் அங்கே தாராளமாக நிற்கும். அது நிழல் தரும்போது நாம் முதியோர் வரிசையில் இருப்போம், சிலர் வேறு ஊர்களில் இருப்போம். அதனால் என்ன? நம் பெயர் தெரியாத பிள்ளைகள் அதன் கீழே ஓடி விளையாடட்டும். சபைக் கமிட்டிக்கு இந்த மாதம் கடிதம் கொடுக்கிறோம். அனுமதி கிடைத்தால் செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை கிடங்கு வெட்டுகிறோம்.

சவள் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த அப்பாமாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.